ஒரு வண்டிக்கு ஒரு பொத்தான்

உங்கள் அறையில் மின்விசிறி ஒன்றுதான் இருக்கிறது ஐயா, விளக்கு இரண்டு. சுவிட்ச் போர்டில் மட்டும் ஒரு பட்டாளமே இருக்கிறது. நான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் விசிறி போட நீங்கள் எழுந்தீர்கள். மூன்றைத் தட்டிப் பார்த்து நான்காவதில்தான் அது சுற்றியது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்குத் தொழில் புத்தி. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் நான். பொத்தான்களைப் பார்த்தால் வாய் சும்மா இருப்பதில்லை.

ஒரு வேலைக்கு ஒரு பொத்தான் போதும் என்பது என் கட்சி. இரண்டு வைத்தால் மனிதன் யோசிக்க ஆரம்பிப்பான். மூன்று வைத்தால் தப்பானதை அழுத்திவிட்டு, பொருத்தியவனைத் திட்டுவான். ஒன்றே ஒன்று என்றால் அழுத்துவதைத் தவிர அவனுக்கு வேறு வழி கிடையாது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைக்கிற அளவுக்கு நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

வண்டி என் மாமனாருடையது. கரும்பச்சை நிறம், உருண்டை முதுகு, நாலு கதவு. அந்தக் காலத்தில் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. அவருக்கு இரண்டு பெண்கள், ஆண் பிள்ளை இல்லை. மூத்தவளைக் கட்டியவர் என் சகலை. இளையவளைக் கட்டியவன் நான். மாமனாருக்குக் கண் மங்கி அவர் ஓட்டுவதை விட்ட பிறகு, வண்டி சகலை வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அதன் பின் சீட்டில் ஒரு பூனை, பிறகு அதன் மகள், பிறகு பேத்தி என்று குட்டி போட்டுக் குடும்பம் நடத்தின. கூரை மேல் சகலை பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார். நான்தான் கேட்டேன். "தாராளமா எடுத்துட்டுப் போங்க சகலை, இடம் காலியானா சரி" என்றார். அவர் சொன்ன இந்த வார்த்தையை நீங்கள் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அந்த வண்டிக்குக் கொடுத்தேன். துருவைச் சுரண்டினேன், எஞ்சினைப் பிரித்துப் பூட்டினேன், சீட்டுகளுக்குப் புதுத் தோல் தைத்தேன். என் மனைவி ஆரம்பத்தில் டீ கொண்டுவந்து கொடுப்பாள். பிறகு தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். பிறகு, டீ வேண்டுமானால் வீட்டுக்குள் வந்து குடிக்கும்படி ஆகிவிட்டது. அவளுக்கும் வேலை இருக்கும் அல்லவா. மாமனார் எங்களோடுதான் இருந்தார். அவர் மட்டும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்தத் திருகு எங்கே போகும் என்று தப்புத்தப்பாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வண்டி மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அதை ஒளிப்பதில் என்ன இருக்கிறது. இரவு படுக்கும் முன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வண்டி பளபளவென்று ஆன பிறகுதான் சகலைக்கு அது மாமனார் சொத்து என்பது ஞாபகம் வந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. மூத்த மாப்பிள்ளைக்குத்தானே வரணும்" என்றார். பூனைக் குடும்பத்துக்கு இருந்த உரிமைகூட எனக்கு இல்லை என்பது போல இருந்தது அவர் பேச்சு.

மாமனார் சண்டை என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர். இரண்டு பெண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்க. கண்காட்சி நடக்குற அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒருத்தர் என்கிட்ட வந்து, எனக்கு வேணாம்னு வாயால சொல்லணும். மத்தவருக்கு எழுதிக் குடுத்துடுறேன். ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நின்னா வண்டி சங்கத்துக்குப் போயிடும். அவங்க ஹால்ல கயிறு கட்டி நிறுத்திக்கட்டும்."

சங்கம் என்றால் பழைய வண்டிக்காரர்கள் சங்கம். வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் கண்காட்சி வைப்பார்கள். அங்கே தலைமை ஜட்ஜ் யார் என்று கேளுங்கள். என் சகலைதான். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பார். கம்பெனியில் வந்தபோது இல்லாத ஒரு திருகு இருந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். மதிப்பெண்ணைக் குறைப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் "வேண்டாம்" என்று சொல்லப் போவதில்லை. ஆகவே அவர்தான் சொல்ல வேண்டும். அவரைச் சொல்ல வைப்பது எப்படி என்பது மட்டும்தான் என் கேள்வி. இதில் என்ன தப்பு இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பூட்டும் யோசனை முதலில் மாமனாருக்காக வந்ததுதான். அந்த வண்டியில் ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னக் குமிழ் நிற்கும். அதைக் கையால் அமுக்கினால் பூட்டு, இழுத்தால் திறப்பு. "நாலு கதவையும் சுத்தி வர்றதுக்குள்ள முட்டி கழண்டுடுது மாப்ளே" என்று அவர் ஒருநாள் சொன்னார். ஒரே பொத்தானில் நாலும் பூட்டி நாலும் திறந்தால் எவ்வளவு வசதி. கதவுக்கு ஒன்றாக நாலு சின்ன மோட்டார் வாங்கினேன். உள்தகட்டைக் கழற்றி, பூட்டுக் கம்பியோடு சேர்த்து மாட்டினேன். ஒரு தடவை அழுத்தினால் பூட்டும் பக்கமும் மறு தடவை அழுத்தினால் திறக்கும் பக்கமும் சாய்கிற ரிலே ஒன்று. ஒயரைக் கதவுக் கீல் வழியாகக் கொண்டுவருவதுதான் சள்ளை பிடித்த வேலை. கதவைத் திறந்து மூடும்போது நசுங்கக்கூடாது. ரப்பர் குழாய் போட்டு, அழகாக இழுத்தேன். பொத்தானுக்கு, இடிக்கப்போகிற ஒரு கட்டடத்தின் லிஃப்டிலிருந்து கழற்றிய பித்தளைப் பொத்தான். ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் டாஷ்போர்டில் பதித்தேன். துடைத்து வைத்தால் கண்ணைப் பறிக்கும்.

மாமனாருக்குச் செய்து காட்டினேன். குழந்தை மாதிரி அழுத்தி அழுத்திப் பார்த்தார். அது வரைக்கும் அது வெறும் வசதிதான்.

பிறகு சின்னச் சின்ன முன்னேற்றங்கள் செய்தேன். பொத்தான் வந்துவிட்டதால் குமிழ்கள் தேவைப்படவில்லை. நுனியை அறுத்து, கதவோடு மட்டமாக ஆக்கினேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. வெளியே சாவித் துவாரங்களும் அசிங்கமாகத் தெரிந்தன. அடைத்துப் பெயின்ட் அடித்தேன். கண்ணாடி இறக்கும் கைப்பிடிகள் மங்கிப் போயிருந்தன. முலாம் பூசக் கொடுத்தேன், கண்காட்சிக்குள் வரவில்லை. அவசரம் என்று நான் சொல்லவும் இல்லை. ஹாரன் கரகரத்தது, கழற்றி வைத்தேன். திறக்கிற ஒயரை மட்டும் கொஞ்சம் சுற்றுவழியாகக் கொண்டுபோய், பின்பக்கம் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு சின்னச் சுவிட்ச் வைத்தேன். அது போட்டிருந்தால் பொத்தான் திறக்கும். போடாவிட்டால் எத்தனை தடவை அழுத்தினாலும் பூட்டத்தான் பூட்டும். அந்தக் கால வண்டியில் பூட்டு விழுந்துவிட்டால் உள்கைப்பிடியும் வேலை செய்யாது. அதற்கு நான் பொறுப்பில்லை, செய்தவனே அப்படிச் செய்திருக்கிறான்.

முன்கதவில் காற்றுக்காக ஒரு முக்கோணக் கண்ணாடி உண்டு. கை நுழைகிற அளவுக்குத் திறக்கும். அதை மட்டும் நான் தொடவில்லை. நல்ல காற்று வரும். நான் கொலைகாரன் இல்லையே ஐயா.

மூடிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட மனிதர்களோடு எனக்கு வெகுநாள் பழக்கம். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான். முதலில் அதே பொத்தானை விடாமல் அழுத்துவார்கள். அப்புறம், தான் யார் என்று சொல்லுவார்கள், எவ்வளவு பெரிய ஆள், யாருக்கு வேண்டியவர் என்று. அப்புறம் திட்டு. எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு கட்டம் வரும். அப்போது மனிதன் தங்கமாகிவிடுவான். என்ன கேட்டாலும் சரி என்பான். சண்டைக்காரப் பங்காளிகள் இரண்டு பேர் லிஃப்டுக்குள் சமாதானமாகி, கைகோத்துக்கொண்டு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. உள்ளே இருப்பவரிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லவே கூடாது. கதவிடுக்கில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சகலையை அந்தக் கடைசிக் கட்டம் வரை பொறுமையாக அழைத்துப் போவது, அவ்வளவுதான் என் திட்டம்.

கண்காட்சி அன்று ஒரு பெரிய மரத்தின் நிழலில் இடம் பிடித்தேன். சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. சகலை தானே எழுதிய விதி. ஜட்ஜ் வண்டிக்குள் இருக்கும்போது யாரும் வண்டியைத் தொடக்கூடாது. சொந்தக்காரர் கயிற்றுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஜட்ஜ் இறங்கி, பச்சைக் கொடியைக் காட்டிய பிறகுதான் கிட்டே போகலாம். ஒரு தடவை எவனோ அவர் பின்னாலேயே வந்து அவர் தொட்ட இடத்தையெல்லாம் துடைத்துவிட்டானாம். அன்றிலிருந்து இந்தக் கெடுபிடி. ஜட்ஜ் தன் போனை மேடையில் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதும் அவர் எழுதியதுதான்.

சகலை வந்தார். சாவித் துவாரங்கள் இல்லாததைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கண்ணாடி இறக்கும் கைப்பிடிகள் இல்லாததைப் பார்த்தார், இன்னும் மலர்ந்தது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பித்தளைப் பொத்தான் கண்ணில் பட்டது. கம்பெனி வைக்காத ஒரு பொத்தான். அதை அழுத்திப் பார்க்காமல் அந்த மனிதரால் இருக்கவே முடியாது. அவரைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும் என்றால் அது இதுதான்.

நாலு கதவும் ஒரே குரலில் 'டக்' என்றன. என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை.

மறுபடி அழுத்தினார். டக். மறுபடியும். டக். கதவுக் கைப்பிடியை ஆட்டினார். பிறகு கண்ணாடியில் தட்டினார். கயிற்றுக்கு வெளியே நின்ற சங்கத்து ஆட்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். "கண்ணாடி உறுதியான்னு தட்டிப் பாக்குறாரு" என்றார் ஒருவர். "நம்ம வண்டியில இவ்வளவு நேரம் பாக்கலையே" என்று இன்னொருவருக்குப் பொறாமை. சகலை உள்ளே கைகளை ஆட்ட ஆட்ட, இவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு மேடையில் பேச்சு ஆரம்பமானதும், கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

முக்கோணக் கண்ணாடி வழியாக அவர் வாய் மட்டும் தெரிந்தது. "சகலை, கதவைத் திறங்க."

"நான் தொடக்கூடாதே சகலை. நீங்க இறங்கிக் கொடி காட்டணும்."

"இறங்க முடியலைன்னுதானேய்யா திறக்கச் சொல்றேன்."

"இறங்கினாத்தான் கொடி. கொடி காட்டினாத்தான் தொடறது. நீங்க எழுதினதுதானே, நான் என்ன பண்ணட்டும்?"

அவர் கொடியை முக்கோண இடுக்கு வழியாக நீட்டி ஆட்டினார். இறங்கி நின்று காட்ட வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். கையைப் பின்னாலேயே கட்டியிருந்தேன். அதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

முதல் கட்டம் முடிந்தது. இரண்டாவதில் அவர் தலைமை ஜட்ஜ் என்பதையும், மூத்த மாப்பிள்ளை என்பதையும், எந்தெந்தப் பெரிய மனிதர்கள் அவர் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போனார்கள் என்பதையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். மூன்றாவதில் என்னைத் திட்டினார். லிஃப்ட் கூலி என்றார். பூனை குட்டி போட்ட வண்டிக்கு நாய் மாதிரி அலைகிறேன் என்றார். முகப்பு விளக்குகளைப் போட்டார், வைப்பரை ஓட விட்டார். பட்டப்பகலில் அதை யார் கவனிப்பது. நான் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவருக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வெயில் பற்றி, சங்கத்துத் தேர்தல் பற்றி.

சத்தத்தில் மாமனார் விழித்துக்கொண்டார்.

மாமனார் பின் சீட்டில்தான் இருந்தார் ஐயா. முன்பே சொல்லியிருக்க வேண்டும். மறைக்க நினைக்கவில்லை. காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவர் அங்கேயே சாய்ந்து தூங்கிவிடுவார், சங்கத்து மாதக் கூட்டங்களுக்குப் போனாலும் முடிகிற வரை இறங்க மாட்டார். சங்கத்தில் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. "உங்க வண்டியில ஒரிஜினலா மிச்சம் இருக்கிறது இவர் மட்டும்தான்" என்று கேலிகூடச் செய்வார்கள். சகலை "வேண்டாம்" என்று சொல்லும்போது அதைக் காதால் கேட்க வேண்டியவர் அவர்தானே. அவர் உள்ளே இருந்தது திட்டத்துக்கு ரொம்பவும் பொருத்தம்.

"என்ன மாப்ளே, வீடு வந்துடுச்சா?" என்று கேட்டார் மாமனார்.

"இல்ல மாமா. சகலை உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

சகலை என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் எல்லாம் புரிந்துபோனது தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் பாசமே வந்தது. நான்காவது கட்டம் வந்துவிட்டது.

"வேணாம்ப்பா. வண்டி எனக்கு வேணாம். நீயே வெச்சுக்க. திற."

"மாமாவுக்குச் சரியா கேக்கல. கொஞ்சம் சத்தமா."

"மாமா, எனக்கு இந்த வண்டி வேணாம். இவருக்கே எழுதிக் குடுத்துடுங்க. சாமி, போதுமா?"

மாமனார் சந்தோஷப்பட்டார். "ரெண்டு பேரும் ஒத்துமையா பேசி முடிச்சீங்களே, அது போதும். சரி, கதவைத் திற மாப்ளே. எனக்கு அவசரமா ஒண்ணுக்குப் போகணும்."

நான் உடனே எழுந்தேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கையை விட்டு சுவிட்சைப் போட்டேன். "இப்ப அழுத்துங்க சகலை" என்றேன். அழுத்தினார். 'டக்' வரவில்லை. கதவுக்குள் ஈ முனகுவது போல ஒரு சத்தம், அதுவும் நின்றுபோனது. விளக்கையும் வைப்பரையும் போட்டு பாட்டரியைக் காலி பண்ணியது யார்? அவர்தான். நான் இல்லை.

அந்த வண்டியில் பாட்டரி பின் சீட்டுக்கு அடியில். மாமனார் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

இதற்குள் சங்கத்து ஆட்கள் சிலர் விஷயம் புரிந்து ஓடி வந்தார்கள். கயிற்றைத் தாண்டலாமா கூடாதா என்று அப்போதும் இரண்டு பேர் வாதாடினார்கள். ஒருவர் தன் வண்டியிலிருந்து பாட்டரியும் ஒயருமாக வந்துவிட்டார். "இந்த முக்கோணத்து வழியா உள்ள விடுறேன், ரெண்டு நொடி குடுத்தா திறந்துடும்" என்றார். நான் தடுத்தேன். அவருடையது பன்னிரண்டு வோல்ட். என் வண்டி ஆறு வோல்ட். நான் கையால் இழுத்த ஒயர், அந்த ரிலே, மோட்டார்கள் எல்லாம் கருகிப்போகும். "ஒயர் போனா போகட்டும்யா, உள்ள பெரியவர் இருக்காரு" என்றார் அவர். ஒயர் போனால் போகட்டுமாம். அந்த ஒயருக்காக எத்தனை நாள் முதுகு வளைத்திருக்கிறேன் என்று அவருக்கு என்ன தெரியும். ஆறு வோல்ட் பாட்டரி என் பட்டறையில் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். "அதுக்குள்ள யாராவது வண்டி மேல கை வெச்சீங்கன்னா நல்லா இருக்காது" என்றும் சொன்னேன். சொந்தக்காரன் பேச்சை மீறக்கூடாது என்பதும் சங்கத்து விதிதான். நின்றுவிட்டார்கள்.

ஏதாவது ஒரு கண்ணாடியை உடைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் யோசிக்காமல் இல்லை. ஒவ்வொரு கண்ணாடியாக நினைத்துப் பார்த்தேன். கதவுக் கண்ணாடிகளில் பழைய முத்திரை இருக்கிறது. பின்கண்ணாடி முட்டை வடிவம், ஒரு கீறல் கிடையாது. முன்கண்ணாடி ஒரே வளைவு, உலகத்தில் யாரும் இப்போது அதைச் செய்வதில்லை. எதை உடைக்கச் சொல்கிறீர்கள்?

"மாப்ளே, அடக்க முடியலப்பா" என்றார் மாமனார், நான் கிளம்பும்போது. நிழல் நகர்ந்து வண்டிக் கூரை மேல் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "மாமா, சீட்டுல வேணாம். கொஞ்சம் கீழே நகந்து ரப்பர் விரிப்பு மேல உக்காந்துக்குங்க" என்று வழி சொல்லிவிட்டுத்தான் போனேன். தோல் தைத்து இன்னும் வருஷம் ஆகவில்லை. சகலை முன்சீட்டிலிருந்து பின்னால் தாவிப் போய், மதிப்பெண் அட்டையால் அவருக்கு விசிற ஆரம்பித்தார். பழக்கமில்லாத வேலை, சரியாகவே வரவில்லை அவருக்கு.

பட்டறையில் பாட்டரிக்குச் சார்ஜ் குறைவாக இருந்தது. கொஞ்ச நேரம் போட்டு வைத்தேன். வழியில் ஒரு டீ குடித்தேன். பதற்றத்தோடு ஒயரைத் தொட்டால் கை தவறும். எங்கள் தொழிலில் இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

திரும்பி வந்தபோது என் மனைவியும் அவள் அக்காவும் அங்கே நின்றார்கள். யாரோ போன் செய்திருக்கிறார்கள். அக்கா பின்கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி வைத்து அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என் மனைவி கையில் கயிறு கட்டுகிற இரும்பு முளை இருந்தது. மண்ணோடு பிடுங்கியிருந்தாள். சங்கத்து ஆட்கள் அவளுக்கு வழி விட்டிருந்தார்கள். விதியைப் பற்றி அவளிடம் ஒருவரும் வாயே திறக்கவில்லை.

"தள்ளுங்க" என்றாள் என்னிடம்.

"பாட்டரி வந்துடுச்சும்மா. ரெண்டு நிமிஷ வேலை."

"அப்பா முகத்தைப் பாத்தீங்களா?"

உண்மையைச் சொன்னால் நான் பார்க்கவில்லை. அவள் எந்தக் கண்ணாடியின் எதிரில் நிற்கிறாள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பக்கத்துக் கண்ணாடின்னாலும் பரவாயில்ல. முன்னாடி மட்டும் வேணாம், அது எங்கேயும் கிடைக்காது" என்றேன். நியாயமாகத்தானே பேசினேன்?

"தெரியும். அதான்" என்றாள்.

சகலையைப் பார்த்துச் சைகை செய்தாள். அவர் தன் கோட்டைக் கழற்றி மாமனாரின் தலைக்கு மேல் போர்த்தி, அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஒரே அடி. கண்ணாடி முழுதும் வெள்ளையாகப் பூத்து, அரிசி போல உள்ளே கொட்டியது. மாமனாரை டாஷ்போர்டு வழியாக இழுத்து பானெட் மேல் உட்கார வைத்தார்கள். சகலை பானெட் மேல் ஷூ காலோடு நடந்து இறங்கினார். மூன்று கோடுகள், ஆழமாக.

மாமனார் உடம்பெல்லாம் நடுங்கியது. தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை, வாயோரம் வழிந்தது. அவர் கால்சட்டை நனைந்திருந்ததால் என் மனைவி தன் சால்வையை அவர் மடியில் போட்டாள். சீட்டில் ஒரு துளி கிடையாது. பாவம், நான் சொன்னபடி விரிப்பு மேல்தான் இருந்திருக்கிறார். அதை நினைக்கும்போது எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

என் மனைவி முளையை பானெட் மேலேயே வைத்தாள். "இத்தனை வருஷத்துல இந்த வண்டியில ஒரு தடவையாவது என்னை உக்கார வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. உட்கார்ந்தால் தோலில் மடிப்பு விழும் என்று அவளுக்கு நான் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். மறுபடியும் விளக்கினேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, அப்பாவின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் சகலையின் வண்டியில் ஏறினார்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், வேண்டுமென்றேதான் பூட்டினேன். பொத்தான், ஒயர், சுவிட்ச், கைப்பிடி, ஹாரன், எல்லாம் நான் யோசித்துச் செய்தவை. உள்ளே மாமனார் இருப்பது தெரிந்தேதான். திறக்க முடிந்த பன்னிரண்டு வோல்ட்டை வேண்டாம் என்றதும் நான்தான். இதில் எதையும் நான் இல்லையென்று சொல்லவில்லை. இதெல்லாம் குடும்பத்துக்குள் நடந்த விஷயம், இதில் போலீஸுக்கு என்ன வேலை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சகலை "வேண்டாம்" என்று சொன்னார், மாமனார் காதால் கேட்டார். ஆகவே வண்டி எனக்குத்தான். மறுநாள் காலையில் பேனாவோடு சகலை வீட்டுக்குப் போனேன், கையெழுத்து வாங்கிவிடலாம் என்று. அழைப்பு மணியை நாலைந்து தடவை அழுத்தினேன். யாரும் திறக்கவில்லை. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, மாமனார் சிரிப்பும் கேட்டது. உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்து நிம்மதியாகத் திரும்பினேன். என் மனைவியும் அங்கேதான் இருக்கிறாள். அதில் எனக்குக் கவலை இல்லை. லிஃப்டில் மாட்டி வெளியே வந்தவர்கள் கொஞ்ச நாள் படி ஏறிப் போவார்கள். கால் வலித்ததும் திரும்பி வந்துவிடுவார்கள்.

ஏன் ஐயா, பேனாவை மூடிவிட்டீர்கள்? நான் வந்த விஷயத்துக்கே இன்னும் வரவில்லையே. முன்கண்ணாடி ஒன்று, பானெட்டில் கோடுகள் மூன்று, இதற்குத்தான் புகார் கொடுக்க வந்தேன். கோடுகளை நான் பெரிசு பண்ணவில்லை, சகலை பதற்றத்தில் இறங்கியது. கண்ணாடிக்கு மட்டும், குற்றவாளி பெயர் எழுதுகிற இடத்தில் என் மனைவி பெயரை எழுதிக்கொள்ளுங்கள். விலாசம் என்னுடையதுதான், இரண்டு பேருக்கும் ஒரே வீடு.